கிரிப்டோ வேலையா, சொந்த ஏஜென்சியா: பணம் வரும் தேதியை வைத்து ஓர் ஒப்பீடு

2024 மார்ச்சில் நான் ராஜினாமா மெயில் அனுப்பிய வாரத்தில் பிட்காயின் 70,000 டாலரைத் தாண்டியிருந்தது. 2021 நவம்பரின் பழைய உச்சம் உடைந்தது அந்த மாதத்தில்தான். "எல்லாரும் ஏறுற நேரத்துல நீங்க இறங்குறீங்களேக்கா" என்று கூட வேலை பார்த்த பையன் கேட்டான். கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து ஒரு கிரிப்டோ நிறுவனத்தின் கன்டென்ட் டீமை இரண்டரை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் வாழ்க்கைக்கு அது நல்ல சம்பளம். விடலாமா வேண்டாமா என்று நாலு மாதம் யோசித்தேன். அப்போது நோட்டில் போட்ட கணக்கையும், பிறகு அதில் எது சரியாக வந்தது, எது பிசகியது என்பதையும் இங்கே எழுதுகிறேன். வீட்டிலிருந்தே வெளியூர் ஸ்டார்ட்அப்புக்கு எழுதிக்கொண்டு, இதே கேள்வியை மனதில் வைத்திருப்பவர்கள் பாண்டியிலும் கடலூரிலும் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள்.

நான்கு வழிகள் இருந்தன. அதே வேலையில் தொடர்வது, வேறு துறையில் வேலைக்குப் போவது, தனி ஆளாக எழுதிக் கொடுப்பது, ஆட்களை வைத்து ஏஜென்சி நடத்துவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதம் எவ்வளவு வரும் என்று எழுதி வைத்திருந்தேன். ஏஜென்சி பக்கத்தில்தான் பெரிய எண் இருந்தது.

அந்த நோட்டைப் பார்த்தவர் பண்ருட்டி மாமா. அம்மாவுக்குத் தம்பி. முந்திரிக்கொட்டை வாங்கி, வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து விற்பவர். "எவ்ளோ வரும்னு எழுதியிருக்க. என்னைக்கு வரும்னு எழுதலையே பாப்பா" என்றார். கொட்டைக்கு அவர் கையில் பணம் வைத்து வாங்கவேண்டும். உடைப்பவர்களுக்கு வாராவாரம் கூலி. பருப்பை வாங்கும் வியாபாரி பணம் அனுப்புவது நாற்பது நாளிலும் இருக்கும், தொண்ணூறு நாளிலும் இருக்கும். இடைப்பட்ட நாட்களை யார் தாங்குகிறார்களோ அவர்கள்தான் அந்த வியாபாரத்தை நடத்துகிறார்கள் என்பது அவர் கணக்கு. அன்று இரவு நான்கு பக்கங்களிலும் தேதி என்று ஒரு பத்தி சேர்த்தேன். முடிவு மாறியது அதனால்தான்.

இருக்கும் வேலையில் இருப்பது

முதல் தேதி சம்பளம் வந்துவிடும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விட்ட பிறகுதான் உடம்புக்குத் தெரிகிறது. ஆனால் என் சம்பளத்தில் ஒரு பகுதி டோக்கன், அதாவது ரூபாய்க்குப் பதிலாகத் தரும் கிரிப்டோ நாணயம். நான்கு ஆண்டுகளில் பிரித்துக் கொடுப்பார்கள், முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கைக்கு வராது. காகிதத்தில் பார்த்தால் பெரிய தொகை. வரியோடு சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரி. டோக்கன் கைக்கு வந்த நாளின் மதிப்பு சம்பளமாகக் கணக்காகி, அதற்கு நம் வரி விகிதப்படி வரி உண்டு. பிறகு விற்கும்போது லாபம் இருந்தால் அதற்குத் தனியாக 30 சதவீதம், அதற்கு மேலே செஸ் என்ற கூடுதல் வரி. விலை சரிந்து நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டம். ஆயிரம் ரூபாய் விலையில் வந்த டோக்கன் நூறு ரூபாய்க்கு இறங்கினாலும், ஆயிரத்துக்கான வரி அப்படியே நிற்கும். ஆகவே டோக்கனை என் கணக்கில் பூஜ்ஜியம் என்று எழுதினேன். அப்படி எழுதியும் சம்பளம் போதுமானதாக இருந்தால் அந்த வேலையில் இருக்கலாம். எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

அடுத்து, அந்த முதல் தேதிச் சம்பளம் எத்தனை மாதம் தொடரும் என்பது. இந்தத் துறையில் சட்டம் ஒருமுறை அசைந்தால் முதலில் வெட்டப்படுவது மார்க்கெட்டிங் செலவு. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துறை எழுந்து ஓடியது. 2022 ஜூலை முதல் ஒவ்வொரு கிரிப்டோ விற்பனையிலும் 1 சதவீத டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கத் தொடங்கியதும், கிரிப்டோ வாங்கி விற்கும் இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் வியாபாரம் மளமளவென்று குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் திவாலானது. அந்த நவம்பரில் எங்கள் கன்டென்ட் டீமில் ஆறு பேர் இருந்தோம். ஜனவரியில் மூன்று பேர். போனவர்கள் யாரும் வேலை தெரியாதவர்கள் இல்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாமல் போன ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022-இன் தொடக்கத்தில் ஸ்டேபிள்காயின், அதாவது ஒரு டாலருக்குச் சமமாகவே இருக்கவேண்டிய கிரிப்டோ நாணயம், அதற்குக் கிடைக்கும் வட்டி பற்றி ஒரு விளக்கக் கட்டுரை எழுதினேன். டெர்ரா என்ற கிரிப்டோ அமைப்பின் யூஎஸ்டி (UST) நாணயத்தை ஆங்கர் என்ற திட்டத்தில் போட்டால் ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்த காலம் அது. அந்த வட்டி எங்கிருந்து வருகிறது, இதில் என்ன ஆபத்து என்பதையும் எழுதியிருந்தேன், கடைசிக்கு முந்தைய பத்தியில். மே மாதம் யூஎஸ்டி ஒரு டாலர் மதிப்பிலிருந்து வழுக்கியது. அதோடு பிணைந்திருந்த லூனா என்ற நாணயம் ஒரு வாரத்துக்குள் ஒன்றுமில்லாமல் போனது. எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணன் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு 60,000 ரூபாய் போட்டிருந்தார். சண்டைக்கு வரவில்லை. "நீதானம்மா எழுதியிருந்த?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் 20 என்ற எண் வரை படித்தார், அந்த எண்ணை மேலே வைத்தது நான்.

ஒவ்வொருவரும் இந்த வேலையை இதற்காக விடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிளாக்செயினில் நேர்மையான வேலை செய்யும் நல்ல பொறியாளர்களோடு வேலை செய்திருக்கிறேன். எழுதுபவருடைய வேலை வேறு. பணம் போடச் சொல்லும் எழுத்து, படிப்பவருடைய சேமிப்பைத் தொடுகிறது. அந்த வகை எழுத்தை இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்த பிறகு, அந்த வேலையில் எனக்கு மிச்சமிருந்தது பாதி வேலைதான்.

வேறு துறையில் வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோசிக்கும் பலருக்கு இதுதான் சரியான வழி, எனக்குத்தான் பொருந்தவில்லை. சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் எழுதத் தெரிந்தவர்களைத் தொடர்ந்து எடுக்கின்றன. சம்பளத் தேதி உறுதி, பிஎஃப் தொடரும், ஒரே இடத்தில் ஐந்து ஆண்டு இருந்தால் கிராஜுவிட்டி உண்டு, துறையின் பெயரைச் சொன்னால் வீட்டுக்கடன் தரும் வங்கி முகம் சுளிக்காது. எனக்கு வந்த இரண்டு அழைப்பிலும் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வரச் சொன்னார்கள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னைக்கு அலைவது முடியாது. முடிகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். கிரிப்டோ பிடிக்கவில்லை என்பது ஒரு பிரச்சினை, சம்பள வேலை பிடிக்கவில்லை என்பது வேறு பிரச்சினை. முதலாவதுக்கு இரண்டாவதின் மருந்தைச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தனி ஆளா, ஏஜென்சியா

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலை, ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்று தோன்றும். தேதிப் பத்தி எழுதியதும் அந்த எண்ணம் போய்விட்டது.

நான் போட்ட கணக்கு இது. ஏஜென்சி என்றால் இரண்டு எழுத்தாளர்களுக்குத் தலா 25,000, பகுதிநேர டிசைனருக்கு 15,000, மஞ்சக்குப்பத்தில் ஓர் அறைக்கு வாடகை 8,000, மென்பொருள் சந்தாக்கள் 6,000, கணக்குப் பார்ப்பவருக்கு 3,000. மொத்தம் 82,000. என் வீட்டுச் செலவு 45,000. ஆக மாதம் 1,27,000 வெளியே போகும். மாதம் இரண்டு லட்சத்துக்கு வேலை பிடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 73,000 மிச்சம்.

இப்போது தேதி. முதல் மாத வேலைக்கு மாதக் கடைசியில் பில் அனுப்புகிறேன். வாடிக்கையாளர் அறுபது நாளில் தருகிறார். பணம் வருவது மூன்றாம் மாதக் கடைசி. அதற்குள் மூன்று மாதச் செலவு, 3,81,000, என் கையிலிருந்து போயிருக்கும். ஆண்டுக்கு 24 லட்சம் வரவு என்றால் சேவைத் தொழிலுக்கான 20 லட்ச வரம்பைத் தாண்டுகிறோம், ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இரண்டு லட்ச ரூபாய் பில்லுக்கு 18 சதவீதம், அதாவது 36,000. இதை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா இல்லையா என்று அரசு கேட்காது, பில் போட்டதுதான் கணக்கு. முதல் பணம் வருவதற்கு முன்பே இரண்டு முறை கட்டியாக வேண்டும், 72,000. மொத்தம் 4,53,000 ரூபாய். கடைசியில் வரும் முதல் தொகையிலும் 10 சதவீத டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். அந்தப் பணம் தொலைந்துவிடாது, ஆனால் நம் வரிக்கு மேல் இருப்பது ரிட்டன் போட்ட பிறகுதான் திரும்பி வரும்.

தனி ஆளுக்கு இதே கணக்கு: வீட்டுச் செலவு 45,000, சந்தாக்கள் 3,000. மூன்று மாதத்துக்கு 1,44,000. வரவு ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் நிற்கும்வரை ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை.

என் சேமிப்பில் அப்போது ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஏஜென்சி என்றால் ஒரே ஒரு வாடிக்கையாளர் தாமதித்தாலும் ஐந்தாம் மாதம் யாரிடமாவது கை நீட்ட வேண்டும். தனி ஆள் என்றால் ஓர் ஆண்டு மூச்சு விடலாம். இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான் என்னைத் தனி ஆளாகத் தொடங்கவைத்தது. தைரியம் இருக்கிறதா என்பது கேள்வியாகவே வரவில்லை.

பணத்தைத் தாண்டி இன்னொன்று உண்டு. தனி ஆளாக இருக்கும்போது பணம் வராத மாதத்தில் நான் சிக்கனமாக இருந்துவிடலாம். ஏஜென்சியில் என்னை நம்பி வேலைக்கு வந்த பெண்ணுக்கு முதல் தேதி சம்பளம் போகவேண்டும். மாமா கூலியை ஒரு வாரம்கூடத் தள்ளியதில்லை. அத்தையின் வளையல் அடகுக்குப் போய் வந்த வாரங்கள் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆள் வைப்பது என்றால் அந்த அளவுக்குத் தயாராக இருக்கவேண்டும் என்பதைப் பார்த்தே வளர்ந்தேன்.

ஏஜென்சிக்குச் சாதகமாக ஒரு பெரிய காரணம் இருக்கிறது, அதை நான் முதலில் மதிக்கத் தவறினேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் பகுதியில் மூன்று நாள் கரன்ட் இல்லை, நெட் அதற்கும் மேல். ஒரு வாடிக்கையாளரின் புதிய தயாரிப்பு வெளியீடு டிசம்பர் 3. என்னால் ஒரு வரி அனுப்ப முடியவில்லை. அவர்கள் கோபப்படவில்லை, அடுத்த மாதம் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் மாமாவின் முந்திரி மரங்களைச் சாய்த்த ஊரில் இருந்துகொண்டு, வேறு ஊரில் ஓர் ஆள்கூட இல்லாமல் தொழில் தொடங்கியது என் பிழை. சிதம்பரத்திலோ விழுப்புரத்திலோ எழுதக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் அந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போயிருக்காது.

யாருக்கு எழுதுவது

வழி எதுவானாலும் இந்தக் கேள்வி வரும். கிரிப்டோவிலிருந்து வெளியே வருபவர்களுக்கு முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் பழைய துறையிலிருந்தே வருவார். எனக்கும் பழைய நிறுவனமே ஒப்பந்த வேலை தந்தது. முதலீட்டு விளம்பரம் எழுதமாட்டேன், வாலட் (கிரிப்டோவை வைத்திருக்கும் செயலி) பாதுகாப்பு, அதைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்களைப் பத்திரப்படுத்துவது, மோசடி லிங்க்குகளை அடையாளம் காண்பது போன்ற உதவிப் பக்கங்களை எழுதித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். அந்த வேலையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் 2024 ஜூலை 18-இல் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனதும், மொத்தத் துறையும் செலவைப் பிடித்துக்கொண்டது. என் ஒப்பந்தமும் நின்றது. துறையை விட்டு வந்தாலும் வாடிக்கையாளர் அதே துறையாக இருந்தால், அதன் ஏற்ற இறக்கம் நம் பின்னாலேயே வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு கிரிப்டோ நிறுவனங்கள் யூஎஸ்டிடி (USDT) என்ற வேறொரு ஸ்டேபிள்காயினில் பணம் தருகிறோம் என்பார்கள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், தேதிப் பத்தியில் அழகாக இருக்கும். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரு சேவை ஏற்றுமதி என்று ஆக, பணம் மாற்றத்தக்க அன்னியச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயாகவோ வரவேண்டும். யூஎஸ்டிடி எந்த நாட்டு நாணயமும் இல்லை. வங்கி வழியாக டாலராக வந்தால் எல்யுடி என்ற உறுதிக் கடிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை போட்டு, 18 சதவீதம் கட்டாமல் பில் அனுப்பலாம். வங்கி தரும் வரவுச் சான்றையும் பத்திரமாக வைக்கவேண்டும். நான் வங்கி வழி மட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அதனாலேயே விலகினார்கள். போகட்டும்.

உள்ளூர் வாடிக்கையாளர்களைப் பற்றி நண்பர்கள் எச்சரித்தார்கள், காசு தரமாட்டார்கள் என்று. என் அனுபவம் வேறு. பேசிய தொகை குறைவுதான், ஆனால் பண்ருட்டி முந்திரி ஏற்றுமதியாளர் ஒருவர் மாதம் பிறந்து பத்தாம் தேதிக்குள் தந்துவிடுவார். பெரிய நிறுவனம் 75 நாள் எடுத்தது. உள்ளூரில் வேறு சிக்கல்: பில் இல்லாமல் முடித்துக்கொள்ளலாமே என்பார்கள், எழுத்துக்கு ஏன் காசு என்பார்கள். முந்திரிக்காரரிடம் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை என்பதையும், டபிள்யூ 180 ஏன் பெரியது, விலை ஏன் அதிகம் என்பதையும் படத்தோடு எழுதி வெளிநாட்டு வாங்குபவர்களுக்கு அனுப்பும்படி ஒரு தொடர் செய்தேன். விசாரித்து வருபவர்கள் தரத்தைத் தெரிந்துகொண்டே பேசத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எழுத்துக்கு ஏன் காசு என்று அவர் கேட்கவில்லை.

இதோடு சேர்ந்ததுதான் ஏஐ பற்றிய பயம். நான் வேலையை விட்ட ஆண்டு ஆகஸ்டில்தான் கூகுள் தேடலின் மேலேயே விடை தரும் ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கு வந்தது. பாண்டியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் மாதிரிக் கட்டுரை எழுதி விற்பதாக யாராவது ஏஜென்சி தொடங்கினால் நான் தடுப்பேன். அதை எழுத ஆள் வேண்டியதில்லை, படிக்கவும் ஆள் வருவதில்லை. ஒயிட் டவுனில் பழைய வீட்டை விடுதியாக்கிய ஒரு குடும்பத்துக்கு வேலை செய்தபோது, இரண்டு நாள் அவர்கள் முன்னறையில் உட்கார்ந்து வருபவர்கள் போனில் கேட்பதை எழுதிக்கொண்டேன். மரப்படி செங்குத்தாக இருக்குமா, பாட்டி ஏறுவாரா? சனிக்கிழமை மாலை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்களே, பெட்டியோடு எங்கே இறங்குவது? மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா? அந்தப் பதில்கள் இணையத்தில் எங்கும் இல்லை, அந்த வீட்டம்மாவிடம்தான் இருந்தன. போய்க் கேட்டு எழுதும் வேலை இன்னும் விலைபோகிறது. ஆனால் அது மெதுவான வேலை, ஓர் ஆளால் மாதத்துக்கு இரண்டு மூன்று இடங்களைத்தான் பார்க்க முடியும். தனி ஆளின் எல்லை எனக்கு உறைத்தது இங்கேதான்.

சம்பளச் சீட்டில் தெரியாத சில

மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அம்மாவும் இருந்தார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. வேலையை விட்டால் அது அன்றே முடியும். புதிய பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று 2024-இல் குறைத்திருக்கிறார்கள். வேலையில் இருக்கும்போதே அம்மாவுக்குத் தனிப் பாலிசி எடுத்து அந்தக் காலத்தை ஓடவிட்டிருக்க வேண்டும். நான் கடைசி மாதத்தில்தான் விழித்துக்கொண்டேன். இதைப் படிப்பவர்கள், வேலையை விடுவதாக எண்ணம் வந்த மாதமே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

45 நாள் விதி. மாமா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். சிறு தொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் பதிந்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளில், அதிகம் போனால் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தால், அப்படித் தராத தொகையை வாங்குபவர் கட்டும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது. 2024 மார்ச்சில் பண்ருட்டியில் எல்லா வியாபாரியும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேரம். எழுத்து வேலைக்கும் இது பொருந்தும். நான் யாரையும் இதைச் சொல்லி மிரட்டியதில்லை. ஒப்பந்தத்தில் 30 நாள் என்று எழுதி, கீழே உத்யம் எண்ணைப் போடுகிறேன், அவ்வளவுதான். 75 நாள் எடுத்த நிறுவனம் இப்போது 40 நாளில் தருகிறது.

கடலூரா, பாண்டியா? ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும், புதுச்சேரியில் 34. பாண்டி வாடிக்கையாளர் வேண்டுமானால் பாண்டியில் பதியவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. கடலூரிலிருந்து பாண்டிக்குப் போடும் பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் பில்லுக்கான ஜிஎஸ்டி) வரும், ஜிஎஸ்டி பதிவு உள்ள வாடிக்கையாளர் பெரும்பாலும் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். பாண்டியில் அலுவலகம் இருந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு மரியாதை தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வாடகை வித்தியாசத்தில் எனக்கு ஒரு பகுதிநேர ஆள் கிடைப்பார். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் பஸ் போய்விடுகிறது. கடலூரிலேயே இருந்துவிட்டேன்.

நடந்தது

பதினாறு மாதம் தனி ஆளாக வேலை செய்தேன். முதல் ஆறு மாதம் பழைய சம்பளத்தில் பாதிதான். பத்தாவது மாதம் அதைத் தொட்டேன். எந்த மாதமும் கடன் வாங்கவில்லை. தூக்கம் கெட்ட இரவுகள் உண்டு, பெரும்பாலும் பணம் வரவேண்டிய தேதி தள்ளிப்போன வாரங்களில்.

ஏஜென்சி எப்போது என்பதற்கு இரண்டு அடையாளங்களை வைத்திருந்தேன். என் கை போதாமல் நல்ல வேலையைத் திருப்பி அனுப்புவது மூன்று முறை நடக்கவேண்டும். எடுக்கப்போகும் ஆளின் ஆறு மாதச் சம்பளம் தனிக் கணக்கில் இருக்கவேண்டும். முதலாவது எட்டாம் மாதமே நடந்துவிட்டது. இரண்டாவதற்கு மேலும் எட்டு மாதம் ஆனது. 2025 ஆகஸ்டில் சிதம்பரத்திலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தேன், சம்பளம் 25,000. அன்று அந்தக் கணக்கில் 1,50,000 இருந்தது. முதல் வாரம் அவளை முந்திரி உடைக்கும் இடத்துக்கு அழைத்துப்போய் மாமாவிடம் விட்டேன். மாலை வரும்போது எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள், நான் இரண்டு ஆண்டு அங்கே போயும் கேட்காத கேள்விகள் அதில் இருந்தன.

அடுத்த ஆளுக்கான கணக்கு தனியாக ஓடுகிறது. அதில் இப்போது 90,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 60,000 வேண்டும்.